பார்வையிடப்பட்டது

மார்ச் மாதச் செயற்குழுக் கூட்டத்தில் பட்டியலை வாசித்தபோதுதான், முந்நூற்றுச் சொச்சம் உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை என்பது தெரிந்தது. தென்புறநகர் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் தலைவர் தோத்தாத்ரி, அரசு வேலையில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நம்மளால பிரயோஜனம் இல்லேன்னு நெனைக்கறா போலிருக்கு. ஹஃபீசாம்மா, ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு ஏன் வரலேன்னு கேளுங்கோ. உங்க குரலைக் கேட்டா யாரும் எரிஞ்சு விழமாட்டா.”

ஹஃபீசா இணைச் செயலாளர். குரோம்பேட்டையில் சொந்தமாகக் கட்டட வடிவமைப்பு அலுவலகம் வைத்திருந்தாள். செயற்குழுவில் ஒரே பெண் என்பதால் இந்த மாதிரி வேலைகள் தன் தலையில் விழுகின்றன என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சங்கத்தின்மேல் ஒரு பிடிப்பு இருந்தது. அலுவலகம் திறந்த புதிதில், பெண் போட்ட வரைபடமா என்று மேஸ்திரிகள் தங்களுக்குள் சிரித்துக்கொண்ட நாட்களில், இந்தச் சங்கத்தின் அடையாள அட்டையைக் காட்டித்தான் முதல் இரண்டு வேலைகளைப் பிடித்திருந்தாள்.

பத்து நாள் மதிய வேளைகளில் ஃபோன் போட்டாள். ஒருவர் ஊரில் இல்லை என்றார். ஒருவர், “வருஷத்துக்கு ஒரு டைரி, ஒரு சாப்பாடு, அதுக்கு எதுக்கு மேடம் சங்கம்?” என்றார். இன்னொருவர் தன் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜெயகிருஷ்ணன் என்பவர் மட்டும் காரணத்தை நேராகச் சொன்னார்.

“நான் ஒரு லெட்டர் போட்டிருந்தேன் மேடம். ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்குப் பதில் போடுங்க, புதுப்பிக்கிறேன்.”

“என்ன லெட்டர் சார்?”

“உங்க ஆபீஸ்ல இருக்கும். பாருங்க.”

வைத்துவிட்டார்.

மேற்குத் தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. சனிக்கிழமை அங்கே போய் இரும்பு அலமாரியைக் குடைந்தாள். கடிதம் பத்திரமாகவே இருந்தது. சுத்தமான கையெழுத்தில் இரண்டு பக்கம். முடிச்சூரில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு ஜெயகிருஷ்ணன்தான் சைட் இன்ஜினியர். கீழ்த்தளத்தில் ஆறு தூண்களுக்குப் போட்ட கான்கிரீட் சோதனையில் தேறவில்லை. வலிமை இருபத்தைந்து வந்திருக்க வேண்டிய இடத்தில் பதினாறுதான். தூண்களைச் சரிசெய்யாமல் மேல்தளம் போடக் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மறுவாரமே பில்டர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். சோதனைத் தாளின் நகலைக் கடிதத்தோடு பின் செய்திருந்தார். பணமோ வேலையோ அவர் கேட்கவில்லை. மூத்த பொறியாளர்கள் இரண்டு பேர் தாளைப் பார்த்து, தான் மறுத்தது சரியா தவறா என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்றுதான் கேட்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப்: பார்வையிடப்பட்டது. அதற்குக் கீழே ஐந்து சுருக்கொப்பங்கள். மூன்றாவது அவளுடையது.

ஹஃபீசா தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அவள் இனிஷியல், அவள் வளைவு. கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினாள். அன்றைய தேதியில் ஆண்டுவிழா பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. பரிசாகக் குத்துவிளக்கு கொடுப்பதா சுவர்க் கடிகாரம் கொடுப்பதா என்று நடந்த சண்டை அவளுக்கு நன்றாக நினைவு வந்தது. கடிகாரம் என்று பிடிவாதமாக நின்றவளே அவள்தான். கடிதம் மட்டும் நினைவில் இல்லை. யாரோ ஃபைலை நகர்த்தியிருப்பார்கள், அவள் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டிருப்பாள்.

ஜெயகிருஷ்ணன் இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் சூப்பர்வைசர். திங்கட்கிழமை அங்கேயே போய்ப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதுக்குக் காதோரம் நிறையவே நரைத்திருந்தது. பாத்ரூம் டைல்ஸ் அடுக்கியிருந்த பக்கம் அழைத்துப் போய் நாற்காலி போட்டார்.

“லெட்டரைப் பார்த்தேன் சார். அதுல என் கையெழுத்தும் இருக்கு. படிக்காமலே போட்டிருக்கேன்.”

அவர் கையிலிருந்த பில் புத்தகத்தை மூடினார்.

“நீங்களாவது வந்து சொல்றீங்க. தப்புன்னு பதில் போட்டிருந்தாகூட பரவால்ல மேடம். அடுத்த வேலையப் பார்த்திருப்பேன். எங்க இன்டர்வியூ போனாலும் அந்த பில்டருக்குத்தான் ஃபோன் போட்டு விசாரிப்பாங்க. ‘சைட்ல தகராறு பண்ற ஆளு’ன்னு ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுது.”

“அந்தக் கட்டடம்?”

“நல்லாத்தான் இருக்கு. நான் போன மறுமாசமே ஆறு தூணையும் சுத்திக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுத் தடியாக்கிட்டாங்க. கூட வேலை செஞ்ச ஷாகுல் ஃபோட்டோ அனுப்பினான்.” ஃபோனை எடுத்துக் காட்டினார். “நான் சொன்னது சரின்னு அவங்களுக்கே தெரியும் மேடம். இல்லன்னா எதுக்கு அத்தனை செலவு பண்ணணும்? கட்டடம் தப்பிச்சுது. நான் தப்பிக்கல.”

ஏப்ரல் கூட்டத்தில் ஹஃபீசா தன் அறிக்கையை வாசித்தாள். வாட்ஸ்அப் குழு, வேலைச் செய்திகள், மருத்துவமனையில் தள்ளுபடி என்று உறுப்பினர்கள் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தவறான வேலைக்குக் கையெழுத்திட மறுக்கும் உறுப்பினருக்குப் பக்கபலமாக மூன்று பேர் கொண்ட ஒரு குழு வேண்டும், அதன் முதல் வேலையாக இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்றாள்.

பொருளாளர் ஷ்யாம்சுந்தர் சிரித்தார். “நம்ம என்ன யூனியனா மேடம்?”

தோத்தாத்ரி கடிதத்தைத் தொடவில்லை. “அந்த பில்டரும் நம்ம ஆயுள் உறுப்பினர்தாம்மா. ஆண்டுவிழா மண்டபம் யாரோடதுன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு மெம்பருக்கு நடுவுல சங்கம் எப்படி நிக்கும், சொல்லுங்கோ.”

“நடுவுல நிக்கச் சொல்லல சார். பதினாறு போதுமா போதாதா? அத மட்டும் எழுதச் சொல்றேன். ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கே தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும்மா. தெரியறது வேற, லெட்டர்ஹெட்ல எழுதறது வேற.”

“அப்ப ஏன் யாரும் புதுப்பிக்கலன்னு என்னை எதுக்கு சார் கேக்கச் சொன்னீங்க?”

அவர் முகம் சிவந்தது. மற்றவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டெடுப்புக்கே விடவில்லை. அறிக்கையின் முதல் மூன்று பக்கங்களை ஏற்றுக்கொள்வதாகவும், கடைசிப் பக்கத்தைப் பின்னர் பரிசீலிப்பதாகவும் குறிப்பில் எழுதச் சொன்னார்கள். எழுத வேண்டியவளும் அவள்தான். பேனாவை மூடி வைத்துவிட்டு, வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றாள். ஷ்யாம்சுந்தர் எழுதினார்.

மே மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு கல்லூரிகளிலிருந்து மாணவர்களை மொத்தமாகச் சேர்த்ததில் உறுப்பினர் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்துமாக வந்து குவிந்தன.

ஹஃபீசா ராஜினாமாக் கடிதம் எழுதினாள். அதற்கு முன்னால், தன் அலுவலகத்தின் லெட்டர்ஹெட்டில் ஜெயகிருஷ்ணனுக்கு இன்னொரு கடிதம் எழுதினாள். சோதனைத் தாளையும் தூண்களைப் பலப்படுத்திய படங்களையும் பார்த்ததாகவும், கையெழுத்திட மறுத்தது முழுக்கச் சரி என்றும், ஒரு பொறியாளர் செய்ய வேண்டியது அதுதான் என்றும் நான்கு பத்திகளில். இரண்டு வருடம் முன்பு அவருடைய கடிதத்தைப் படிக்காமலே அதில் ஒப்பமிட்டவர்களில் தானும் ஒருத்தி என்பதையும் சேர்த்தாள். பெயர், தகுதி, பதிவு எண், முத்திரை எல்லாம் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

நான்கு நாள் கழித்து ஜெயகிருஷ்ணன் கூப்பிட்டார்.

“வந்துச்சு மேடம். தேங்க்ஸ்.”

“இன்டர்வியூல காட்ட உதவுமா சார்?”

“ரெண்டு வருஷ கேப்புக்கு இன்னா சொல்றது மேடம்? டைல்ஸ் வித்தேன்னா சொல்ல முடியும்? இப்ப யாரும் கூப்பிடறதும் இல்ல.” குரலைத் தாழ்த்தினார். “வூட்ல காட்டினேன். என் ஒய்ஃப் மிருதுளா ரெண்டு தடவை படிச்சா. படிச்சுட்டு, ‘அப்ப நீங்க சொன்னது நிஜமாவே சரிதானா?’ன்னு கேட்டா.”

ஹஃபீசா திரையில் இருந்த வரைபடத்தை மூடினாள்.

“இத்தனை நாளா கூடவே இருந்தா மேடம். ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. நம்பிக்கிட்டு இருக்கான்னுதான் நெனச்சேன்.”

யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கஸ்டமர் வந்திருக்காங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.