காரணம் கேட்கக் கூடாது

தண்ணீர் லாரியின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு மேலாளர் எட்டிப் பார்த்தார். எதிர் நடைபாதையில் டிசைனர் பெண் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாள். திடீரென்று திரும்பினாள். மேலாளர் சட்டென்று குனிந்தார். மூக்குக்கண்ணாடி கழன்று சேற்றில் விழுந்தது.

"என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஆளைத் தொலைச்சிட்டு நிக்கிறேன். நீ வண்டியை மட்டும் எடுத்துடாதே!"

அட்டைப்பெட்டி கம்பெனியில் மருந்துப்பெட்டிப் பிரிவையே கட்டி ஆளுகிற மனிதர், தன்னிடம் வேலை செய்யும் பெண்ணின் பின்னால் திருடன் மாதிரி பதுங்கிப் பதுங்கி வரும்படி ஆனதற்கு, போன மாதம் வந்த புதுச் சட்டம்தான் காரணம்.

முதலாளி ஓய்வுக்குப் போனார். நாற்காலியில் மகள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் போட்ட உத்தரவு, லீவு கேட்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது. கேட்டால், கேட்டவருக்கு மெமோ.

"ஆளுங்க இப்பல்லாம் சம்பளத்தை மட்டும் பாக்கறதில்ல சார். மரியாதையையும் பாக்கறாங்க" என்றாள்.

இத்தனை வருடமாக மேலாளர் கேட்டு வந்த ஒரே கேள்வி 'ஏன்?' என்பதுதான். பிரிவில் அவருக்குப் பெயரே 'ஏன் சார்'. அவருக்குப் பயந்து ஃபோர்க்லிப்ட் டிரைவரின் பெரியப்பா மூன்று முறை செத்திருக்கிறார். மூன்றாவது சாவுக்கு மேலாளர் மாலையோடு வீட்டுக்கே போய் நின்றபோது, கதவைத் திறந்தவரே பெரியப்பாதான்.

இப்போது அந்த அழகெல்லாம் போயிற்று. 'நாளைக்கு வரமாட்டேன்' என்று மொட்டையாக ஒரு மெசேஜ். அவ்வளவுதான்.

நேற்று மாலை அப்படி மூன்று மெசேஜ். டிசைனர், டிரைவர், வெட்டு மெஷின்காரர். வெள்ளிக்கிழமை சரக்கு போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேரை எதிர்க் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விட்டான். இந்த மூன்று பேரும் போனால் பிரிவை மூட வேண்டியதுதான். மேலாளரின் நாற்காலியும் கூடவே போகும்.

வீட்டிலும் துணைக்கு ஆளில்லை. "அக்கா வீட்டுக்குப் போறேன், வர பத்து நாளாகும்" என்று முந்தாநாள் மனைவி சொன்னபோது, ஆர்டர் நினைப்பிலேயே "சரி" என்றிருந்தார். இன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கசங்கிய சட்டையோடுதான் இந்தத் துப்பறியும் வேலை.

டிசைனர் பெண் ஒரு கேட்டுக்குள் நுழைந்தாள். மேலாளர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

ஆஸ்பத்திரி!

உள்ளே தூண் மறைவில் நின்றார். ரத்தம் எடுக்கும் அறையின் கதவு திறந்தது. முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்தியபடி வெட்டு மெஷின்காரர் வெளியே வந்தார். பின்னாலேயே டிரைவர். அவன் கையிலும் பஞ்சு. அடுத்து டிசைனர் பெண் உள்ளே போனாள்.

எதிர்க் கம்பெனியில் வேலைக்குச் சேருமுன் மெடிக்கல் டெஸ்ட் உண்டு என்று மேலாளர் கேள்விப்பட்டிருக்கிறார். கொத்தாகவே தூக்கிவிட்டானா பாவி!

அவள் வெளியே வந்ததும் மூவரும் லிப்டில் ஏறினார்கள். மேலாளர் படியில் ஓடினார். மூன்றாவது மாடியில், மூச்சு வாங்க, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் போய்க் குதித்தார்.

"மாட்டினீங்களா!"

"ஐயையோ, ஏன் சார்!" டிரைவர் துள்ளி எழுந்தான்.

"என்னடா ஏன் சார்? அவன் எவ்வளவு ஏத்திக் குடுக்கறான், சொல்லு!"

"எவன் சார்?"

"எதிர்க் கம்பெனிக்காரன்! மெடிக்கல் டெஸ்ட் வரைக்கும் வந்தாச்சு, இன்னும் என்ன நடிப்பு?"

வெட்டு மெஷின்காரர் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா சார், ஆஸ்பத்திரி. டெஸ்ட்டும் இல்ல, மண்ணும் இல்ல. ரத்தம் குடுத்தோம்."

"ரத்தமா? யாருக்கு?"

டிரைவர் சுவரைப் பார்த்தான்.

"காரணம் கேட்கக் கூடாது சார்" என்றாள் டிசைனர் பெண். அவள் கண் சிவந்திருந்தது.

"மெமோ வந்தா வரட்டும்மா! கேக்கறேன். ஏன்? மூணு பேரும் ஒரே நாள்ல, ஏன்?"

"சொல்ல மாட்டோம்னு வாக்கு குடுத்திருக்கோம் சார். ஆபரேஷன் ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப் போயிடுச்சாம். பேச்சை எடுத்தாலே 'ஆர்டர் போகட்டும், அப்புறம் பேசலாம்'னு சொல்ற ஆளு வீட்டுல இருக்காராம்."

"எவன் அவன்? மனுஷனா?"

டிரைவர் திரும்பி அவரை ஒரு மாதிரி பார்த்தான். வெட்டு மெஷின்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க ஒண்ணு பண்ணுங்க சார்" என்றாள் அவள். "அக்காவுக்கு ஒரு போன் போடுங்க."

"எந்த அக்காவுக்கு?"

"உங்க வீட்டு அக்காவுக்குத்தான்."

"அவளை ஏன் இதுல இழுக்கறே? அவ அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கா."

"எதுக்குப் போயிருக்காங்க சார்?"

மேலாளர் வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் 'ஏன்' கேட்ட வாய், அதைக் கேட்டிருக்கவில்லை.

மனைவியின் எண்ணைத் தட்டினார். காதில் மணி அடித்தது.

இன்னொரு மணியும் அடித்தது. மிக அருகில், டிசைனர் பெண்ணின் மடியில் இருந்த கைப்பைக்குள்ளிருந்து.

அவள் அந்தப் போனை எடுத்து நீட்டினாள். உறை கிழிந்த, மூலை உடைந்த, தினமும் அவர் வீட்டு மேஜையில் கிடக்கும் அதே போன். திரையில் அவருடைய படம்.

"நேத்து உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் செக்‌ஷனுக்குக் கூப்பிட்டாங்க சார். வேலை நேரத்துல வீட்டுலேருந்து வர்ற போனைக் குடுக்காதேன்னு நீங்க சொல்லி வச்சிருக்கீங்க. அதனால நான் பேசினேன். ரத்தம் வேணும்னாங்க, உங்ககிட்ட சொன்னா மறுபடியும் தள்ளிப் போயிடும், சொல்லாதேன்னு வாக்கும் வாங்கிட்டாங்க."

தாழ்வாரத்தின் கோடியில், மூடிய கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வயித்துல கட்டி சார். பெரிசாம்" என்றான் டிரைவர். "அவங்க அக்கா போனை இவங்ககிட்ட குடுத்துட்டு இப்பதான் கீழே மருந்து வாங்கப் போனாங்க. உங்க வீட்டு அக்கா உள்ளே போய் ஒரு மணி நேரமாச்சு."