இன்ஸ்பெக்டர் போன பிறகு

"இஞ்சரும், நாளைக்கு மட்டும் தங்கமுத்துவை வாங்கிலை இருத்தும். இன்ஸ்பெக்டர் படலை தாண்டினதும் நிலத்திலை இறக்கிவிடும்."

சீவரத்தினம் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பரிமாறிக்கொண்டிருந்த ஞானாம்பிகையின் அகப்பை குழம்புச் சட்டியிலேயே நின்றது.

பண்டத்தரிப்பில் அவர்கள் வளவுக் கொட்டிலில் பெண்களுக்கான பிற்பகல் வகுப்பு நடந்தது. அவர் முகாமையாளர், மனைவி ஆசிரியை. அரசாங்க உதவி பெறும் வகுப்புகளில் எல்லாச் சாதியாரையும் ஒரே வாங்குப் பலகையில் சரிசமமாக இருத்தி, சமாசனம் கொடுக்கவேண்டும் என்று புதிதாகக் கட்டளை வந்திருந்தது.

தங்கமுத்து அயல் வீடுகளில் நெல் குத்துபவள். மேலுக்குப் பூசுகிற மருந்தென்று போத்தலில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாமல் மகளுக்குப் பருக்கிவிட்டாள். பிள்ளையைப் புதைத்த மாதமே ஞானாம்பிகையிடம் வந்தாள். "எனக்கும் எழுத்துப் படிப்பிச்சு விடுங்கோ, நாச்சியார்" என்றாள். அன்றிலிருந்து வாசலோரம் மண்ணில் இருந்துதான் படித்தாள்.

மறுநாள் அவள் வாங்கின் நுனியில் இருந்தாள். மற்றப் பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு தள்ளியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அவளை வாசிக்கச் சொன்னார். மெல்ல, தடக்காமல் வாசித்தாள். குடாநாட்டுக்கே இந்த வகுப்பு வழிகாட்டி என்று சீவரத்தினத்தின் கையைக் குலுக்கிவிட்டு அவர் காரில் ஏறினார்.

கார்ச் சத்தம் ஓய்ந்ததும் சீவரத்தினம் மனைவியைப் பார்த்தார். அவள் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள். அவரே தங்கமுத்துவிடம் சொன்னார்:

"காணும். இனி எழும்பு."

தங்கமுத்து எழும்பவில்லை. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"சட்டமும் அவரோடை காரிலை ஏறிப் போட்டுதோ, நயினார்?"

மற்றப் பெண்கள் சட்டென்று எழுந்து தட்டியோரம் ஒதுங்கினார்கள். தனக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய பெட்டை இருக்கிறாள், சரிசமமாய் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். வகுப்பு இன்றோடு சரி, உள்ளே வாரும் என்று சீவரத்தினம் மனைவியை அழைத்தார்.

கலியாணம் முடித்த நாள் தொட்டு அவர் சொல்லை ஞானாம்பிகை மறுத்ததில்லை. புத்தகத்தை எடுத்தாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் வந்து, வெறுமையாகக் கிடந்த வாங்கில் தங்கமுத்துவின் அருகே இருந்தாள்.

"விட்ட இடத்திலை இருந்து வாசி, தங்கமுத்து."

தங்கமுத்துவின் குரல் முதலில் உடைந்தது, பிறகு நிலைத்தது. சீவரத்தினம் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

தட்டியோரம் நின்ற பெண்களில் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை; வாங்கிலும் வந்து இருக்கவில்லை. பாடம் முடியும்வரை கால் மாற்றிக் கால் மாற்றி, நின்றபடியே படித்தார்கள்.