மூணு ஸ்லாட் காலி

வீட்டு வரைபடம் வரைந்து கொடுப்பது அண்ணியின் தொழில். படுக்கையறை மூலையில் ஒரு மேசை. அதன் கீழே ஒன்பது வயதான கணினி. அன்று மாலை ஒரு தம்பதி, தாங்கள் கட்டப்போகும் மாடி வீட்டைத் திரையில் பார்க்க வருவதாக இருந்தது. அவ்வளவு பெரிய வரைபடத்தைத் தாங்காமல் காலையிலிருந்தே கணினி மக்கர் செய்தது. மாடிப்படியைக் கொஞ்சம் திருப்பினாலும் திரை அப்படியே உறைந்துவிடும்.

"இன்னைக்கு என் மானம் போகப்போகுது," என்றாள் அண்ணி.

விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார் பல் டாக்டர். கணினி பற்றி அவளுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் சும்மா இருக்கமாட்டாள்.

"மெமரி எவ்வளவு இருக்குன்னு பாருங்க அண்ணி."

திரையில் பார்த்தார்கள். மெமரி பட்டை சொருக மொத்தம் நான்கு ஸ்லாட். ஒன்றில் மட்டும் மெமரி, எட்டு ஜிபி.

"மூணு காலியா! ஓடிப்போய் இன்னொண்ணு வாங்கிச் சொருகிடலாம்."

"பழசுடி இது. எந்த வகைன்னு தெரியாம எதை வாங்குறது? திறந்து பாத்துட்டே போவோம்."

ப்ளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்கள். கிளம்பிய தூசியில் அண்ணி வரிசையாக ஏழு தும்மல் போட்டாள். நாத்தனார் செல்போன் விளக்கை அடித்துக் குனிந்தாள்.

"உங்க கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியாதா? இங்க ரெண்டு பட்டை இருக்கே!"

இருந்தன. ஒன்று ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. மற்றொன்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, ஓரத்துக் கொக்கி மூடாமல் நின்றது. இரண்டு வருடம் முன்பு வீடு மாறியபோது லாரியில் குலுங்கியிருக்க வேண்டும்.

"ரெண்டு வருஷமா அரை வயித்தோடயா வேலை பாத்துது, பாவம்!" என்றாள் அண்ணி.

"தள்ளுங்க. ஆடுற பல்லைப் பாக்குறதுதானே என் பொழப்பு."

நாத்தனார் பட்டையை உருவி, துடைத்து, நேராக வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டக், டக் என்று இரு கொக்கிகளும் மூடிக்கொண்டன.

கணினியைப் போட்டார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. "கெடுத்துட்டேனா?" என்று நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்தாள். அரை நிமிடம் கழித்துத் திரை ஒளிர்ந்தது. இரண்டு ஸ்லாட்டில் மெமரி, பதினாறு ஜிபி. இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

மாலையில் தம்பதி வந்தார்கள். சமையலறை ஜன்னலை இந்தப் பக்கம் வைக்கச் சொன்னார் மனைவி. அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார் கணவர். இருவர் சொன்னதையும் அண்ணி நொடியில் மாற்றிக் காட்டினாள். கடைசியில் மனைவி ஜெயித்தார்.

அவர்கள் போன பிறகும் அண்ணி திரையை விடவில்லை. மாடி வீட்டை இப்படியும் அப்படியும் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"போதும் அண்ணி," என்றாள் நாத்தனார். "வீட்டுக்குத் தலை சுத்தப்போகுது!"