ஆலங்கட்டிக்கு அடித்த மணி

என் தம்பி சதுர்னியைக் கொன்றது அரசன் படையின் குண்டு என்றுதான் ஊரில் சொல்வார்கள். என் முகத்துக்காக அப்படிச் சொல்கிறார்கள். நானும் மறுத்துப் பேசுவதில்லை.

அரசனுக்கு அடங்காத பார்சலோனா நகரம் அவன் படையின் முற்றுகையில் கிடந்த கோடை அது. எங்கள் மலையூருக்குள்ளும் அந்தப் படையின் இருநூறு சிப்பாய்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். சதுர்னியும் இன்னும் பதினெட்டுப் பேரும் மேலே காட்டுக்குள் போய்விட்டார்கள். மிக்கலெட்டுகள் என்று அவர்களைச் சொல்வோம். கயிற்றுச் செருப்பும் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கியும்தான் அவர்கள் சொத்து. கணவாயில் படையின் வண்டிகளை மறித்து அடித்துவிட்டு மரங்களுக்குள் மறைந்துவிடுவார்கள். மேலே இருக்கும்வரை அவர்களை யாராலும் தொட முடியாது. கீழே இறங்கினால் பிணம்தான்.

அவன் கிளம்பிய அன்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

"என்ன ஆனாலும் கீழ வராதடா. ரொட்டி வேணும்னாலும் நான் கொண்டாந்து தரேன்."

"எதுக்கு வரப்போறேன்? நீ திட்டுறது எப்படியும் மலை உச்சி வரைக்கும் கேட்குமே."

வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை. இருபத்திரண்டு வயது அவனுக்கு. அம்மா இல்லாத பிள்ளையை நான்தான் வளர்த்தேன்.

அப்பா கோயில் மணியடிப்பவர். அவர் போனபின் கயிறு தம்பிக்கு வந்தது. அவன் காட்டுக்குப் போனபின் எனக்கு வந்தது. கோபுரத்தில் இரண்டு மணிகள் இருந்தன. ஏப்ரலில் படைத்தலைவன் பெரிய மணியை இறக்கி, பீரங்கி வார்க்க அனுப்பிவிட்டான். சின்ன மணியை விட்டுவைத்தான். ஆனால் அதைத் தொட்டால் தூக்கு என்றான். இரண்டு மாதம் ஊர் மணிச்சத்தமே இல்லாமல் ஊமையாகக் கிடந்தது.

ஜூன் கடைசி. இன்னும் மூன்றே நாளில் கோதுமை அறுக்க வேண்டும். மத்தியான வேளையில் மொன்செனி மலைப்பக்கமிருந்து செம்புநிறத்தில் ஒரு மேகம் எழும்பியது. அந்த நிறத்துக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: ஆலங்கட்டி. அரை மணி நேரம் கொட்டினால் போதும், ஒரு வருஷச் சோறு மண்ணோடு மண். மணியடித்தால் மேகம் உடைந்து விலகும் என்பது எங்கள் பாட்டன் காலத்து நம்பிக்கை. மாவரைக்கும் மகீ, மேலெல்லாம் மாவோடு என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"பெர்பெத்துவா! போய் மணியடி, ஓடு!"

"மாமா, கயித்தைத் தொட்டா தொங்க விட்ருவான்."

"படைத்தலைவன்கிட்டயே கேட்டுட்டுத்தான் வரேன். அடிச்சுத் தொலைங்கன்னுட்டான். விளைஞ்சா அவன் குதிரையுந்தானே திங்கும்!"

ஓடினேன். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு மணிச்சத்தம்! கீழே பெண்கள் அழுதுகொண்டே சிலுவை போட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை எரிய எரிய அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அடித்ததே இல்லை.

மேகம் விலகுகிறதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கண் மேகத்தில் நிற்கவில்லை, காட்டில் போய் நின்றது. அப்போதுதான் உறைத்தது. ஆலங்கட்டிக்கு அடிப்பது பெரிய மணியை. சின்ன மணிக்கு ஒரே வேலைதான்: ஊரை அழிக்கிறார்கள், ஆயுதத்தோடு வாருங்கள் என்று ஆட்களைக் கூப்பிடுவது. பெரிய மணி பீரங்கியாகப் போனது மலையில் இருப்பவர்களுக்கும் தெரியும்தான். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களுக்குக் கால்தான் முதலில் கிளம்பும், புத்தி பின்னால்தான் வரும்.

கயிற்றை விட்டுவிட்டேன்.

"ஏன் நிறுத்துன? மேகம் நகருது, அடி!" என்று மகீ படியேறி வந்தார்.

"மாமா, இது சின்ன மணி."

அவர் முகம் அந்த மாவைவிட வெளுத்துப்போனது. "நிறுத்தியிருக்கக் கூடாதும்மா," என்றார் மெல்ல. "நடுவுல நின்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அடித்தவரைக் கொன்றுவிட்டார்கள் என்று அர்த்தம். இப்போது மணியடிப்பது யாரென்று சதுர்னிக்கும் தெரியும். அடித்தாலும் அழைப்பு, நிறுத்தினாலும் அழைப்பு. நான் என்ன செய்ய?

மலைப்பாதையில் ஓடினேன். காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்துத் திருப்பி அனுப்பினான். கெஞ்சினேன். எதற்கு என்று கேட்டான். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அவர்கள் ஓடைப்பக்கமாக வந்தார்கள், பத்தொன்பது பேரும், கத்திக்கொண்டே. பாலத்திலேயே பாதிப்பேர் விழுந்தார்கள். மிச்சப்பேரைத் தெருவில் சுட்டார்கள். சதுர்னி ஒருவன் மட்டும் கோயில் முற்றம்வரை வந்துவிட்டான். நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான். இரண்டு துப்பாக்கியையும் கீழே இறக்கினான்.

"அக்கா! உயிரோடதான் இருக்கியா? உன்னை முடிச்சுட்டாங்கன்னுல்ல ஓடியாந்தேன்!"

சிரித்தான். வாய்விட்டு, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். "ஓடுடா" என்று கத்தினேன். அவன் ஓடவில்லை. நான் முழுசாக இருக்கிறேனா என்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டே நின்றான். முதுகில் சுட்டார்கள்.

அன்று ஒரு ஆலங்கட்டிகூட விழவில்லை. மணிதான் விரட்டியது என்றார்கள் சிலர், என் காதில் விழாதபடி. நாலாம் நாள் பெண்கள் நாங்களே கதிர் அறுத்தோம். ஆண்களில் கிழவர்கள் மட்டும்தான் மிச்சம். விளைச்சல் எந்த வருஷத்தையும்விட அதிகம். அந்தக் கோதுமையில் சுட்ட ரொட்டியை நானும் தின்றேன். பசித்ததே.