ஒரு பல்லும் பல பார்சல்களும்

என் பல் உடைந்ததற்குக் காரணம் இவர்தான். நேரடியாக இல்லை. இவர் வாங்கிய ஏதோ ஒரு பொருள் வாசலுக்கு வந்தது, பெட்டியைப் பிரிக்க நான் கத்தரிக்கோல் தேடினேன். எங்கள் வீட்டில் கத்தரிக்கோலுக்குப் பஞ்சமே கிடையாது. தள்ளுபடியில் வந்த கத்தரிக்கோல்கள், அவற்றோடு இலவசமாக வந்த கத்தரிக்கோல்கள் என்று சமையலறை முதல் குளியலறை வரை கிடக்கும். வேண்டும்போது மட்டும் ஒன்றும் கண்ணில் படாது. பொறுமை போய் ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து இழுத்தேன். ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்த பல். நாடாவோடு அதுவும் கைக்கு வந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்தது, பார்சல் பிரிக்கும் கத்தி.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன், கண்ணாடியைப் பார்க்கும்வரை.

உடைந்தது என் தெத்துப்பல். முன்வரிசையில் இடது பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் என் பெயரையே மறந்துவிட்டு "தெத்து" என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் பல் டாக்டரம்மா வாயில் அச்சு எடுத்தபோது, "போனது போகட்டும், புதுப் பல்லையாவது நேரா வெச்சிடுங்க" என்று சொன்னேன். இவர் பக்கத்தில்தான் நின்றார், வாயே திறக்கவில்லை.

இவருக்குத் தொழிலே பல் செய்வதுதான். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதைப் பார்த்து இவர் தன் பட்டறையில் பல் செய்து கொடுப்பார். இந்த ஊரில் பாதிப் பேர் தான் செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள் என்று பீற்றிக்கொள்வார். அது பொய்யும் இல்லை. "வீட்லயே ஆள் இருக்காரே, உங்களுக்கென்ன கவலை?" என்றார் டாக்டரம்மா. "நானேதான் செய்வேன். வேற யார் கையும் படக் கூடாது" என்று இவர் சொன்னார். கல்லூரியில் படிக்கும் மகளை வைத்துக்கொண்டு எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். குளியலறைக் குழாய் சொட்டுவதும், மகளின் மேசை ஒரு காலில் ஆடுவதும் இவர் "நானே செய்றேன்" என்று சொன்ன வேலைகள்தான். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு, இனிமேல் யாருமே செய்யப்போவதில்லை என்று பொருள்.

எனக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் வரவேற்பு மேசையில். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு இந்த முறை எனக்கு வந்திருந்தது. ரொம்ப நாளாக நான் உள்ளுக்குள் ஆசைப்பட்ட வேலை, கேட்க வாய் வராமல் இருந்தேன், தானாக வந்தது. பயந்துபோய் வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது, எப்படி முகம் கொடுப்பது என்று முன்னால் நின்று சொல்லித்தர வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டா சொல்லித்தர முடியும்? "சார்" என்று கூப்பிட்டாலே விசில் அடித்தது போல இருந்தது. டாக்டரம்மா ஒட்டிக்கொடுத்த தற்காலிகப் பல் ஒருமுறை டீக்குள் விழுந்தது. மறுமுறை எங்கே போயிற்று என்று தெரியவில்லை, வயிற்றுக்குள் என்றுதான் நினைக்கிறேன். என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு மேலதிகாரி, "திங்கட்கிழமை வகுப்பு. உங்களால முடியாதுன்னா வெள்ளிக்கிழமையே சொல்லிடுங்க, வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார்.

இவர் பக்கம் என்ன நடந்தது என்றால், முதலில் பட்டறையில் வெளிச்சம் போதவில்லை. பல்லின் நிறம் பிடிபட நல்ல விளக்கு வேண்டுமாம். விளக்கு வந்தது. விளக்கை மாட்டியதும் நாற்காலி தாழ்வாகத் தெரிந்தது, அதற்கு ஒரு குஷன். குஷனில் உட்கார்ந்ததும் பழைய பிரஷ் கைக்கு வாகாக இல்லை. எந்த பிரஷ் நல்லது என்று பார்க்க வீட்டில் ஒரு வீடியோவைத் திறந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தபோது, நடுக்காட்டில் தனியாளாக மரவீடு கட்டும் ஒருவனை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரஷ் என்னாச்சு?"

"பாத்துட்டேதான் இருக்கேன். இவன் கூரை போட்டு முடிக்கட்டும்."

அவன் கூரை போட்டான், கதவு வைத்தான், ஆற அமர ஒரு கட்டிலும் செய்துகொண்டான். என் பல்லைத்தான் காணோம். இதற்கு நடுவில் ஒரு கைக்கோடரி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"இது எதுக்கு?"

"தள்ளுபடில போட்டிருந்தான்."

நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடியில், வெட்டுவதற்குத் தொட்டிச் செடிகூடக் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இத்தனைக்கும் இவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தலைவலி என்றால் கடைக்கு ஓடுவார். மாத்திரையோடு ஒரு தலையணையும், கழுத்தைப் பிடித்துவிடும் கருவியும் வாங்கிக்கொண்டு வருவார், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை, "ஞாயித்துக்கிழமைக்குள்ள பல் டாக்டரம்மாகிட்ட இருக்கும், சத்தியம்" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். அதை நம்பி வெள்ளிக்கிழமை மேலதிகாரியிடம், வகுப்பை நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மகள் மெதுவாக வந்து, "அம்மா, திட்டாதே. நேத்து அப்பா பட்டறைக்குப் போயிருந்தேன். உன் பல்லை இன்னும் தொடவே இல்லை" என்றாள். போட்டது போட்டபடி கிளம்பினேன்.

பட்டறை ஒரு நகல் கடைக்கு மேலே, ஒற்றை அறை. அரை நாள் என்பதால் உடன் வேலை செய்பவர் கிளம்பிவிட்டிருந்தார். மேசையில் சின்னச் சின்னப் பெட்டிகளில் அடுத்தவர்களின் பற்கள் எல்லாம் பளபளவென்று தயாராக இருந்தன. என் வாயின் அச்சு மட்டும் ஓட்டையோடு ஜன்னலோரம் கிடந்தது, அதன்மேல் பிரிக்காத பிரஷ் பெட்டி ஒன்று சாய்ந்திருந்தது. இவர் போனில் இருந்தார்.

"போனைக் குடுங்க."

"ஒரே நிமிஷம், இன்னும் கொஞ்சம்தான்..."

"குடுங்க."

வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். "இன்னைக்குப் பல் வரலேன்னா இந்த அச்சைத் தூக்கிட்டுப் போய் வேற யார்கிட்டயாவது குடுத்துடுவேன். திங்கக்கிழமை நான் அங்க நின்னு பேசியாகணும். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேணும்னு உங்களுக்குத் தெரியுமா?" திட்டத்தான் வந்தேன். கடைசியில் அது கெஞ்சலாக முடிந்தது.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வேலை செய்யும்போது இவர் வேறு ஆள். வீட்டில் ஒரு பொருளைத் தேடினால் பத்துப் பொருளைத் தட்டிவிடும் கை, இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியில் பீங்கான் மாவைத் தொட்டுத் தொட்டு வைத்தது. வேறு யார் கையும் படக் கூடாது என்றவர், பல்லுக்கு அடியில் இருக்கும் கூட்டை மட்டும் உடன் வேலை செய்பவரிடம் விட்டிருந்தார், அவர் அதை என்றைக்கோ செய்து வைத்திருந்தார். அதன்மேல் பூசி, சின்னச் சூளையில் வைத்து எடுத்து, மறுபடி பூசி, மறுபடி வைத்து என்று போய்க்கொண்டே இருந்தது. நான் காவல் இருந்தேன். சும்மா இருக்க முடியாமல் என் போனை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், வகுப்புக்கு மாட்டிக்கொண்டு போக ஒரு கைப்பையின் படத்தை நான் நாலு நிறத்தில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்கறே?" என்றார் திரும்பாமலே.

"மணி பாத்தேன்."

ஒரு கட்டத்தில் இவர் கை நின்றுவிட்டது. பிரஷ்ஷைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்ன, லைட் சரியில்லையா? குஷன் குத்துதா?"

"இல்லை. இனிமே வடிவம் கொடுக்கணும்." அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேராத்தானே வேணும்?"

"ஆமா."

"சரி." பிரஷ்ஷை எடுத்துத் துடைத்தார். "இதை நேரா செஞ்சிட்டா அப்புறம் உன் சிரிப்பு போயிடும். கல்யாணத்துக்கு முன்னாடியே நான் பாத்தது அதைத்தான். அதை என் கையாலயே இல்லாம பண்ணணுமேன்னு நினைச்சாலே, வேற ஏதாவது வாங்கத் தோணிடுது."

எனக்குக் கோபம்தான் வந்தது.

"இதை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? இதைச் சொல்லாம இருக்க ஒரு லைட்டு, ஒரு குஷன், ஒரு கோடரியா?"

"சொன்னா நீ எனக்காகச் சரின்னுடுவே. உன் வாய், உன் இஷ்டம். நடுவுல நான் யாரு?"

அந்த நிமிடத்தில் இவர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. உருகிப்போய்விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இவர் சொன்னது பாதி நிஜம், மீதிப் பாதி சோம்பல். குழாய் சொட்டுவதற்கும் என் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அந்தப் பாதி நிஜம் போதுமானதாக இருந்தது. தெத்தாகவே செய்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சின்ன வயதிலிருந்து போட்டோ எடுக்கும்போதெல்லாம் உதட்டை இழுத்து மூடிக்கொண்டு நின்றவளும் நான்தானே. அவளுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

"நேராவே வைங்க" என்றேன்.

"சரி" என்றார். முகம் சுளிக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை. இருக்கும் திறமையையெல்லாம் அந்த ஒரு பல்லில் கொட்டினார். இருட்டுவதற்குள் முடித்துவிட்டார். இத்தனை நாள் இழுத்தடித்த வேலை ஒரு மாலைப்பொழுதுகூடப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் டாக்டரம்மா பல்லைப் பொருத்திக் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. நூல் பிடித்தது போல நேராக இருந்தது. நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. "எங்க, ஒருதரம் சிரிங்க" என்றார். சிரி என்றால் சிரிப்பு வருமா? இவர் கால்மாட்டில், பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அட! போகலையே!" என்று கத்திவிட்டார்.

"எது போகலை?" என்றார் டாக்டரம்மா திடுக்கிட்டு.

"பாருங்க, இடது பக்கம் உதடு தூக்குது பாருங்க. இத்தனை வருஷமா அந்தப் பல்லு மேல ஏறி ஏறிப் பழகிடுச்சு. பல்லு போனதே அதுக்குத் தெரியலை."

டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, தூக்குது" என்றார். நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிட்டதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் எழுதிக்கொண்டு போன தாளைப் பார்த்தே பேசினேன். பிறகு அதை மடித்து வைத்துவிட்டேன். மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர் கோபமாகப் பேசினாலும் அது பெரும்பாலும் பயம்தான், முதலில் அவர் முகத்தைப் பாருங்கள், அப்புறம் கம்ப்யூட்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். ஒரு வார்த்தைகூட விசில் அடிக்கவில்லை. எப்படி வரவேற்பது என்று நானே செய்து காட்டி, எல்லோரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் செய்யச் சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பெண். ரொம்பக் கூச்சம், ஆனால் கவனமான பெண். நான் செய்து காட்டியதை அப்படியே வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடது பக்க உதடு மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது. அவளுக்கு வரிசையான பற்கள், அப்படி ஏற வேண்டிய அவசியமே இல்லை.

"அப்படி இல்லம்மா, நேரா சிரி" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் சிரிப்பை இன்னொரு முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன். இவர் இத்தனை வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"அவ்வளவுதான், சரியா செஞ்சே" என்றேன்.