நின்ற தண்ணீர்

குழியில் மண் விழத் தொடங்கியபோது சுற்றி நின்றவர்கள்: அம்மா, மகள், மகன், எதிர்வீட்டு டீச்சர், தண்ணீர் இலாகாவின் வண்டி ஓட்டுநர், அதே இலாகாவின் ஆய்வகத்து அம்மாள், தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர், மகளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது மாதக் குழந்தை.

யாரும் பெரிதாக அழவில்லை. இதயக் கோளாறோடு இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டு கிடந்த ஆள். அழ வேண்டியதை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுது தீர்த்திருந்தார்கள். மகளை வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. அப்பா போவதற்குப் பத்து நாள் முன்பு குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம்.

எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடித்து நிறுத்தினால் குழந்தை தேறிவிடும், நிறுத்தாவிட்டால் மூளை வளர்ச்சி அடிபடும் என்று நர்ஸ் சொல்லி ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் நிலவறைகளில் தேங்கும் ரேடான் என்ற நச்சு வாயு. அவளும் குழந்தையும் இருந்த அப்பாவின் வீட்டில் நிலவறை இல்லாததால் மகள் ஒரு பக்கத்தை மட்டும் படித்தாள். பலமுறை படித்தாள். ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குக் குறை பார்க்கிற வேலை. ஒரு சட்டையில் தையல் விட்டிருந்தால் அது எந்த மெஷினில், எந்த ஷிப்டில் விட்டது என்று பின்னாலேயே போய்ப் பிடித்துவிடுவாள். அப்படித்தான் சுவர் பெயின்டைச் சுரண்டிக் கொடுத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. பொம்மைகளும் தேறிவிட்டன. மிச்சம் தண்ணீர்.

தண்ணீரைப் பற்றி அந்த வீட்டில் வாய் திறக்க முடியாது. அப்பா முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்குத் தண்ணீர் பிடித்தவர். தெருவில் அவருக்குப் பெயரே ‘பாட்டில்’. ‘பாட்டில் வந்துட்டாரா?’ என்று கேட்பதைப் பார்த்துவிட்டு, புதிதாகக் குடிவந்தவர்கள் அவரைப் பெரிய குடிகாரர் என்றே நினைத்திருக்கிறார்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவரிடம் மகள் ரத்தச் சமாச்சாரத்தைச் சொன்னபோதும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நம்ம தெருத் தண்ணிய நானே புடிச்சிருக்கேன். ஒரு தடவை கூட ஈயம் வந்ததில்ல. வேற எங்கயாவது தேடு."

அவர் அவளிடம் ஒழுங்காகப் பேசிய கடைசிப் பேச்சு அது. அவளும் நம்பினாள். ஆஸ்பத்திரியே கதியென்று அவள் கிடந்த கடைசி நாலு நாளும் அம்மாதான் வீட்டில் குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுத்தாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் டீ கொடுத்தார்கள். வேறு பேச்சு கிடைக்காததால் எல்லாரும் செத்தவரின் பெருமையை எடுத்தார்கள். பதினெட்டு வருடம் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்த ஓட்டுநருக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாய் கடித்த கதை, பாட்டிலைச் சாராயமென்று நினைத்து ஒருவன் துரத்தி வந்த கதை எல்லாம் முடிந்து, வேலைச் சுத்தத்துக்கு வந்தார்.

"சார் மாதிரி யாருக்கும் வராதும்மா. குழாயத் திறந்து விட்டார்னா வாட்ச்சப் பாத்து மூணு நிமிஷம். அதுக்கு ஒரு நொடி முன்ன பாட்டில நீட்ட மாட்டார். நான் ஹார்ன் அடிச்சாலும் அசைய மாட்டார்."

மகள் டீயைக் கீழே வைத்தாள்.

"எல்லா வீட்லயுமாண்ணே?"

"எல்லா வீட்லயும்."

"எல்லா பாட்டிலுக்கும்?"

"கடைசி நாள் வரைக்கும்."

ஆய்வகத்து அம்மாள் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். உதட்டுக்குப் போன கோப்பை பாதி வழியில் நின்றது. மகள் அதைப் பார்த்துவிட்டாள். விட்ட தையலைப் பார்க்கிற கண்.

"மேடம், மூணு நிமிஷம் எதுக்கு விடுறது?"

அந்த அம்மாள் கொஞ்சம் சுற்றி வளைத்தார். கிருமி இருக்கிறதா என்று பார்க்க அப்படித்தான் எடுக்க வேண்டும். குழாய் வாயில் ஒட்டியிருக்கிற அழுக்கெல்லாம் போய்விட வேண்டும். செத்தவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிருமிச் சோதனை மட்டும்தான் இருந்தது. ஈயச் சோதனை பாதியில் வந்து சேர்ந்தது. அதற்கொரு சுற்றறிக்கை வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"ஈயத்துக்கு எப்படிப் புடிக்கணும்?"

ஆய்வகத்து அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ராத்திரி பூரா குழாய்ல நின்ன தண்ணி. காலைல மொதல்ல விழுறது. ஓட விட்டா ஈயமும் அதோட ஓடிரும்."

பிறகு அவராகவே சொன்னார். ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு சீட்டு வரும். நின்ற தண்ணீரா, ஓடிய தண்ணீரா என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். செத்தவர் அந்தக் கட்டத்தை நிரப்பியதே இல்லை. தண்ணீர் என்றால் ஓட விட்டுத்தானே பிடிப்பார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். நின்ற தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும் என்று விதி இருக்கும்போது இதில் எழுத என்ன இருக்கிறது என்று அந்த அம்மாள் நினைத்தார்.

"நாந்தான் நின்ன தண்ணின்னு டிக் போட்டு அனுப்புவேன். இத்தன வருஷமா."

பக்கத்துத் தெருக்களிலெல்லாம் பழைய ஈயக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டபோது, இந்தத் தெருவுக்கு மட்டும் அவசியமில்லை என்று இலாகா விட்டதும் அந்தச் சீட்டுகளை வைத்துத்தான். எதிர்வீட்டு டீச்சர் தன் சின்ன மகன் படிப்பில் மந்தம் என்று பல வருடமாகச் சொல்லித் திரிந்தவர். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"அவன் மண்டையில நான் எத்தன தடவ குட்டியிருப்பேன்," என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

தம்பி அக்காவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள அப்பாவ விசாரிக்கணுமா?"

"அப்பாவ எங்க விசாரிக்கிறேன்? குழாய விசாரிக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நாளைக்குத் தெருவே அவர் பேர நாறடிக்கும்."

இருக்கலாம் என்றாள். தனக்கும் அது தெரியாமலில்லை என்றாள். ஆனால் இந்தக் குழாயிலிருந்து என்ன வருகிறதென்று தெரியாமல் இன்னொரு புட்டிப் பால் கரைக்க முடியாது. அவன் சிங்க் பக்கம் திரும்பினான். குழாய் தெளிவாக, வெள்ளி போல ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கோப்பை கழுவிவிட்டு மூட மறந்திருந்தார்கள்.

நின்ற தண்ணீரைப் பிடித்துப் பார்ப்பதில் இன்னொரு சிக்கல் இருந்தது. காலி பாட்டில் ஓட்டுநரின் வண்டியிலேயே டஜன் கணக்கில் கிடந்தது. ஆனால் குறைந்தது ஆறு மணி நேரம் வீட்டில் ஒரு குழாயைக்கூடத் திறக்கக் கூடாது, கக்கூஸ் தொட்டி உட்பட. சாவு வீட்டில் அது நடக்கிற காரியமா? விடிந்ததிலிருந்து குழாய்கள் மூடியிருந்ததே இல்லை. வீடு காலியானால்தான் உண்டு. தம்பியின் ஃபிளாட் புதுக் கட்டடம், எல்லாரும் அங்கே போய்ப் படுக்கலாம். ஆனால் நாற்பது வருடம் படுத்த கட்டிலை விட்டுவிட்டு, இன்றைக்குப் போய் வெளியே படு என்று அம்மாவிடம் யார் சொல்வது?

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்தபடி ஆய்வகத்து அம்மாளைக் கேட்டாள்.

"அஞ்சு மணிக்குப் புள்ளைக்குப் பால் கரைக்க நான் புடிக்கிறேனே, அது எந்தத் தண்ணி?"

பதிலுக்குக் காத்திராமல் அம்மா எழுந்தாள். ஒவ்வொருவர் கையிலிருந்தும் கோப்பையை வாங்கி, கழுவாமல் அடுக்கி வைத்தாள். சமையலறைக் குழாயை இறுக்கினாள். குளியலறைக்குப் போய் அங்கிருந்ததையும் இறுக்கினாள்.

"எத்தன மணி நேரம்னீங்க?"

"ஆறும்மா."

"விடியிற வரைக்கும் கெடக்கட்டும். எல்லாரும் கெளம்புங்க."

ஓட்டுநர் பாட்டிலைக் கொண்டுவந்தார். காலையில் குழந்தைக்குத் தண்ணீர் பிடிக்கிற அதே குழாயில் பிடிக்க வேண்டும், ஐந்தரைக்குத் தானே நேரில் வந்து நிற்பதாக ஆய்வகத்து அம்மாள் சொன்னார். சீட்டில் வீட்டு எண்ணையும் தேதியையும் எழுதினார். கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் தெருவைக் கடந்து போனார். அவர் வீட்டில் யாரோ குழாய் திறக்கும் சத்தம் இங்கே வரை கேட்டது. மகள் குழந்தையோடு வாசலில் நின்றாள். அம்மா உள்ளே போய்ப் படுக்கையறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பல் துலக்கும் பிரஷை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசியாக வெளியே வந்தாள். தம்பி அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தினான். பூட்டினான். ஒரு முறை தள்ளிப் பார்த்தான்.