பத்தாயிரமாவது வீச்சு

நார்பர்ட் ஹாக்லண்டுக்கு இன்னும் ஏழே ஏழு வீச்சு பாக்கி இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஹார்ன்பெக் ஏரியில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று தடவை தூண்டிலை வீசிவிட்டார். ஒரு புலி மஸ்கி மீன்கூட மாட்டவில்லை.

புலி மஸ்கி என்பது மஸ்கி அம்மாவுக்கும் பைக் மீன் அப்பாவுக்கும் பண்ணைத் தொட்டியில் பிறந்த கலப்பு. கோவேறு கழுதையைப் போல அதற்கும் வாரிசு கிடையாது. உடம்பெல்லாம் புலிவரி, வாயெல்லாம் பல், நாலடி நீளம், உலகத்தின் மேல் ஓர் அலட்சியம். அரசாங்க லாரி கொண்டுவந்து ஏரியில் கொட்டிவிட்டுப் போகும். அதில் ஒன்றைப் பிடிக்கப் பத்தாயிரம் தடவை வீச வேண்டும் என்பது அந்தப் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் வாய்ப்பேச்சு. மற்றவர்கள் அதைச் சும்மா சொல்வார்கள். நார்பர்ட் எண்ண ஆரம்பித்துவிட்டார். கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஏறுகிற கிளிக்கர் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தாலி மாதிரி தொங்கவிட்டிருந்தார்.

பைத்தியம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்த மீனுக்கு ஒரு பழக்கம் உண்டு. போலி இரையைத் துரத்திக்கொண்டு படகு வரைக்கும் வரும், கவ்வாது, பார்த்துக்கொண்டே நிற்கும். அதனால் இழுத்து முடித்ததும் கோலைத் தூக்காமல், நுனியைத் தண்ணீருக்குள் விட்டுப் படகோரத்தில் எட்டுப் போட வேண்டும். லைசென்ஸ் வாங்கப் போனவன் போடுகிற அதே எட்டுதான். நார்பர்ட் கையில் எது கிடைத்தாலும் எட்டுப் போட்டார். காலைக் காபியை எட்டாகத்தான் கலக்குவார். மச்சான் அடக்கத்தில், பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, குடை நுனியால் ஈரப்புல்லில் எட்டு எட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று வீடு திரும்பியதும்தான் அவர் மனைவி வெர்னா சத்தியம் வாங்கினார். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய அம்மாள். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தே அடக்கியவருக்கு ஒரு கிழவர் எம்மாத்திரம்? ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்: 'பத்தாயிரமாவது வீச்சு முடிகிற அன்று மீன் இல்லையென்றால் படகு போய்விடும்.' தாள் ஃபிரிட்ஜில் காந்தம் போட்டு ஒட்டப்பட்டது. அதன் பக்கத்திலேயே வெர்னாவின் மீன்பிடி லைசென்சும் இருந்தது. வசந்தம் பிறந்தால் நார்பர்ட் இரண்டு லைசென்ஸ் வாங்குவார், என்றைக்காவது ஒருநாள் தன்னோடு வருவாள் என்று. வெர்னா ஒரு தடவைகூட வந்ததில்லை.

எண் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியதும் நார்பர்ட்டுக்கு ஒவ்வொரு வீச்சும் தங்கக் காசாகத் தெரிந்தது. கருமித்தனம் வந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து, படகை இறக்கி, ஏரி நடுவில் போய், கோலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு மத்தியானம் திரும்பி வருவார். இரண்டு வருஷமாக அப்படித்தான், மனசு வந்தால் மாதத்துக்கு நாலைந்து வீச்சு. வீசாத மீன்பிடிக்காரரைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பயந்தார்கள்.

வெர்னா கிளிக்கரை எடுத்துப் பார்த்தார்.

"போன அக்டோபர்ல இருந்து இந்த நம்பர் நகரவே இல்லையே. தினமும் ஏரிக்குப் போய் என்ன பண்றே?"

"மீனைப் பாக்கறேன்."

"மீன் தெரியுதா?"

"இல்ல."

"என் முட்டி இன்னொரு பனிக்காலம் தாங்காது, நார்பர்ட். பக்கத்து வீட்டு டுவேன் அவனோட படுக்கை வெச்ச கேம்பர் வண்டியைக் குடுத்துட்டு நம்ம படகை எடுத்துக்கறேங்கறான். பனி விழ ஆரம்பிச்சா வெயில் அடிக்கிற அரிசோனாவுக்குப் போயிடலாம். சனிக்கிழமை வரச் சொல்லிட்டேன். நானும் படகுல வரேன். மிச்சம் ஏழையும் என் கண் முன்னால வீசு."

நார்பர்ட்டுக்கு அந்தப் படகை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மில்லில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு தன்னை எங்கேயாவது எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவர் நம்பியது அந்த மீனை மட்டும்தான். இதை வெர்னாவிடம் சொல்ல வெட்கம். "சரி" என்றார்.

சனிக்கிழமை வந்தது. மார்ச் மாதக் கடைசி. பைன் மரத்தடி நிழலில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. ஏரியின் வடக்கு மூலையில் கறுப்புச் சேறு வெயிலைக் குடித்துத் தண்ணீர் கொஞ்சம் சூடேறியிருக்கும். வசந்தத் தொடக்கத்தில் மஸ்கி அங்கேதான் வந்து படுக்கும். பக்கத்து வீட்டு டுவேன் பக்லி படகுத்துறையில் படகை ஏற்றிப் போக டிரெய்லரை மாட்டி, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். சாவு வீட்டுக்கு வெளியே காத்திருக்கிற வண்டிக்காரன் போல இருந்தான்.

படகு நகர்ந்ததும் நார்பர்ட் மூக்கை உறிஞ்சினார்.

"டப்பாவுல என்ன?"

"வாழைப்பழ ரொட்டி."

"படகுல வாழைப்பழம் ஆகாதுன்னு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே. மீன் கிட்டவே வராது."

"ஒன்பது வருஷம் வாழைப்பழம் இல்லாமப் போனியே, எத்தனை வந்துச்சு?"

நார்பர்ட் டப்பா மூடியை இறுக்கி, அதன் மேல் தன் கோட்டைப் போட்டு மூடினார். கிளிக்கரைக் கழற்றி வெர்னாவின் கழுத்தில் மாட்டினார். முதல் வீச்சு வெறுமை. இரண்டாவது நேராகக் கரையோர ஆல்டர் மரக்கிளையில் போய்த் தொங்கியது. கிளிக்.

"ஏய், அது தண்ணியிலயே படல. அது சேராது."

"வீசினியா இல்லையா?"

"வீசினேன், ஆனா மரத்துல..."

"மரத்துல போனாலும் மானத்துல போனாலும் வீச்சு வீச்சுதான். கணக்குன்னா கணக்கு."

பஸ் ஓட்டிய வாயோடு யார் பேசி ஜெயிக்க முடியும்? மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. பாசி ஒருமுறை, வெறும் தண்ணீர் மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் எட்டுப் போட்டார், ஒவ்வொன்றுக்கும் கிளிக் கேட்டது.

ஏழாவதற்கு நார்பர்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு வீசினார். கிளிக். பத்தாயிரம். சின்னப் போலி இரை. குளிர்ந்த தண்ணீரில் மீன் பெரியதைத் துரத்தாது. மெதுவாக, கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோல் இழுத்து வந்தார். படகுக்குப் பத்தடியில் அதன் பின்னாலேயே ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. மரக்கட்டைக்குக் கண் இருந்தது, வரி இருந்தது.

"வெர்னா, அசையாதே."

"நான் அசையல. உன் கோல்தான் ஆடுது."

எட்டுப் போட்டார். மீன் மூக்கை நீட்டியது, பின்வாங்கி நின்றது. மறுபடி எட்டு. மீன் படகுக்கடியில் போய், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. பத்து எட்டு, இருபது எட்டு, ஐம்பது எட்டு.

"முடிஞ்சுதா?" என்றார் வெர்னா.

"எப்படி முடியும்? தூண்டில் தண்ணிக்குள்ளதானே இருக்கு. கோலைத் தூக்கினாத்தான் வீச்சு முடிஞ்சுது. நீ எழுதின தாள்லயே 'முடிகிற அன்று'ன்னுதான் இருக்கு."

வெர்னா கைப்பையில் இருந்து அந்தத் தாளை எடுத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். தன் கையால் எழுதிய எழுத்து தனக்கே ஆப்பு வைத்துவிட்டது. தாளை மடித்து உள்ளே வைத்தார்.

பத்தே முக்காலுக்குத் தொடங்கிய வீச்சு பன்னிரண்டு அடித்தும் முடியவில்லை. டுவேன் துறையில் இருந்து கத்தினான்.

"என்னய்யா, எத்தனை பாக்கி?"

"ஒண்ணும் இல்ல. கடைசிதான் ஓடிட்டிருக்கு," என்று வெர்னா கத்தினார்.

"எப்ப வீசினாரு?"

"காலையில."

டுவேன் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தான்.

ஒரு மணிக்கு நார்பர்ட்டுக்கு வேறொரு பிரச்சினை வந்தது. காலையில் குடித்த இரண்டு காபியும் கீழே இறங்கியிருந்தது. அறுபத்தேழு வயது. பல்லைக் கடித்தார். காலை மாற்றி மாற்றி வைத்தார். எட்டு ஆறானது, ஆறு ஒன்பதானது.

"வெர்னா, இதைக் கொஞ்சம் பிடி. தூக்கிடாதே. சத்தியமாத் தூக்கிடாதே. லைசென்ஸ்?"

"பையில இருக்கு."

"ஃபிரிட்ஜுல இல்ல?"

"ஏரிக்குன்னு கிளம்பினேன், எடுத்து வெச்சேன். போய் வேலையைப் பாரு."

நார்பர்ட்டுக்கு அந்த லைசென்ஸை எடுத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அதைவிட அவசரமானது இருந்ததால் பின்னால் போய்க் காலிக் காபி டின்னைத் தேடினார்.

வெர்னா தண்ணீரைப் பார்த்தார். மீன் அவரைப் பார்த்தது. "உன் எட்டு ரொம்பச் சின்னம், நார்பர்ட்," என்றார் திரும்பாமலே. "காபி கப்புல போட்டுப் போட்டுக் கப்பு சைசுக்கே கை பழகிடுச்சு. நாலடி மீன் இதுல எப்படித் திரும்பும்? நாப்பதடி பஸ்ஸை நான் எப்படித் திருப்புவேன்? நல்லா அகலமா வெளியே போயி, அப்புறம்தான் ஒடிக்கணும்."

சொல்லிக்கொண்டே கோலைக் கையெட்டும் தூரம் வரை வெளியே கொண்டுபோய், பள்ளிக்கூட வாசல் திருப்பத்தில் ஒடிப்பதுபோல நிதானமாக ஒடித்தார். மீன் கூடவே திரும்பியது.

நார்பர்ட் வேலையை முடித்தார். பசி. கோட்டை விலக்கி டப்பாவைத் திறந்தார். இனி எந்த வாழைப்பழம் என்ன செய்துவிடப் போகிறது என்ற வெறுப்பில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். அவர் வாய் மூடிய அதே நேரம் மீனும் வாயை மூடியது.

கோல் வில்லாக வளைந்தது. "நார்பர்ட், வலை," என்றார் வெர்னா, பஸ்ஸில் பின்சீட்டுப் பையனைக் கூப்பிடுகிற குரலில். நார்பர்ட் வாய் நிறைய ரொட்டியோடு வலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது. கடைசியில் மீன் வலைக்குள் கிடந்தது. அளந்தார்கள், நாற்பத்தேழு அங்குலம். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம். கொக்கியைக் கழற்றி, நார்பர்ட் அதன் வாலைப் பிடித்துத் தண்ணீரில் ஆட்டினார். மீன் அவர் கையில் ஒரு நிமிஷம் இருந்து, பிறகு போயிற்று. ஒன்பது வருஷம் தாழியைக் கடைந்தது அவர், வெண்ணெய் திரண்டது இன்னொருத்தர் கையில். பொறாமையில் அவர் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்திலும்தான், எது எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை.

துறைக்கு வந்ததும் டுவேன் டிரெய்லரைத் தட்டினான்.

"வீச்சு முடிஞ்சுதில்ல? மீன் இவரு பிடிக்கலியே. ஏத்தலாமா?"

நார்பர்ட் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றை அவிழ்க்கப் போனார். வெர்னா கழுத்தில் இருந்த கிளிக்கரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த திருகைத் திருகினார். ஐந்து சைபர் வந்தது.

"அவரு பத்தாயிரம் முடிஞ்சுது, டுவேன். நான் பிடிச்சேன், ஆனா ஒரு வீச்சுகூட வீசல. என் பத்தாயிரம் அப்படியே இருக்கு."

"அப்போ கேம்பர்? அரிசோனா?"

"முட்டி இவ்வளவு நாள் பொறுத்துச்சு. இன்னும் கொஞ்சம் பொறுக்கும். நீ வீட்டுக்குப் போப்பா."

நார்பர்ட் நிமிர்ந்தார். முகத்தில் வெயில் அடித்தது. கை தானாகக் கோலை நோக்கிப் போனது.

"வெர்னா, அப்போ நானும் ஒண்ணே ஒண்ணு..."

"நீயா? உனக்குத்தான் தீந்து போச்சே. துடுப்பைப் பிடி."

நார்பர்ட் துடுப்பைப் பிடித்தார். வடக்கு மூலைக்குப் போனதும் வெர்னா எழுந்து நின்று, கிளிக்கரைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வீசினார். இரை உயரப் போய், அழகாக வளைந்து, அதே ஆல்டர் மரக்கிளையில் போய்த் தொங்கியது.

"இது சேராது," என்றார் வெர்னா.

நார்பர்ட் கட்டைவிரலை மெதுவாக, ஆசை தீர அமுக்கினார்.

"ஒண்ணு," என்றார்.